படத்தைப் போட்டீர்களா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ‘இரண்டு எண்கள் சேர்ந்து ஏறுவதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குத்தான் இத்தனை கடிதங்கள். பாதிப்பேர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், மீதிப்பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். சிதறல் படம் ஒன்றைக் கொடுத்து ‘விளக்கம் எழுதுக’ என்கிறார்கள். ‘நேரிடை ஒட்டுறவு உள்ளது’ என்று ஒரு வரி எழுதியதும் கை நின்றுவிடுகிறது. வேறு என்னதான் எழுதுவது? – மாணவி, திருச்சி

சிதறல் படம் என்பது ஒவ்வொன்றிலும் இரண்டு அளவுகளை எடுத்து, ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதை நெட்டச்சிலும் வைத்து ஒரு புள்ளி குத்துவது; நேரிடை ஒட்டுறவு என்றால் ஒன்று ஏற மற்றதும் ஏறுகிறது. அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: படத்தில் ஒரு புள்ளி என்பது எது? ஒரு மாணவரா, ஒரு நாளா, ஒரு ஊரா? இதைச் சொல்லாமல் ஆரம்பிக்கிற விளக்கம் எல்லாம் காற்றில் நிற்கும். அப்புறம் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு மொத்தக் கூட்டத்தையும் பாருங்கள். வலப்பக்கம் போகப்போக ஏறுகிறதா, இறங்குகிறதா, நேராகப் போகிறதா, வளைகிறதா, ஒரு கோட்டை ஒட்டி நெருக்கமாக நிற்கிறதா அல்லது அரிசியை இறைத்த மாதிரி பரந்து கிடக்கிறதா, கூட்டத்தோடு சேராமல் எங்காவது ஒரு புள்ளி தனியே நிற்கிறதா. இதற்கே அரைப் பக்கம் வந்துவிடும்.

ஆனால் சில படங்கள் வேறொன்றையும் காட்டும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்று ஒரு கொதிநீர் ஊற்று இருக்கிறது. சும்மா கிடக்கும், திடீரென்று பனைமர உயரத்தையும் தாண்டிப் பீறிட்டு அடிக்கும், சில நிமிடங்களில் அடங்கிவிடும். எவ்வளவு நேரம் அடித்தது, அடுத்தது வர எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வைத்த 272 பதிவுகளை உலகம் முழுக்கப் புள்ளியியல் வகுப்புகளில் பயிற்சிக்கு வைத்திருக்கிறார்கள். கிடை அச்சில் அடித்த நேரம், ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை. நெட்டச்சில் காத்திருந்த நேரம், 43 நிமிடத்திலிருந்து 96 வரை. ஒட்டுறவுக் கெழு, அதாவது ஆர், 0.9 (புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று சொல்கிற எண் அது; 1 என்றால் எல்லாம் கோட்டின் மேலேயே, 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பே இல்லை, மைனஸ் என்றால் ஒன்று ஏற மற்றது இறங்குகிறது). நீங்கள் சொன்ன ‘நேரிடை ஒட்டுறவு’ இங்கே கச்சிதமாகப் பொருந்தும், மதிப்பெண்ணும் கிடைக்கும்.

படத்தைப் பாருங்கள். கீழே இடப்பக்கம் ஒரு குவியல், மேலே வலப்பக்கம் இன்னொரு குவியல், நடுவில் கிட்டத்தட்ட வெற்றிடம். இரண்டு நிமிடம் அடித்து ஓய்ந்தால் அடுத்தது சுமார் 55 நிமிடத்தில், நாலு நிமிடத்துக்கு மேல் அடித்தால் சுமார் 80 நிமிடத்தில். சராசரிக் காத்திருப்பு 71 நிமிடம். அதைப் பலகையில் எழுதி மாட்டினால் இரண்டு கூட்டத்துக்குமே பொருந்தாது. ஒரு குவியலை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அந்த 0.9-ம் காணாமல் போய் மிகவும் தளர்ந்துவிடும். பூங்கா ஊழியர்கள் இன்றும் ஒருமுறை அடித்த நேரத்தை அளந்துதான் அடுத்ததற்கு நேரம் சொல்கிறார்கள் (இது எல்லாம் பழைய பதிவு, இப்போது இடைவெளி இதைவிட நீண்டுவிட்டது). ஆகவே உங்கள் விடைத்தாளில் ‘புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன’ என்று எழுதுகிற வாய்ப்பு எப்போதாவது வந்தால் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எக்சலில் ஒரு ஃபார்முலா போட்டால் ஒட்டுறவு ஒரு நொடியில் வந்துவிடுகிறது. அப்புறம் எதற்குப் படம் வரைந்து நேரத்தை வீணாக்க வேண்டும்? – கணக்காளர், கோவை

உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுவைத்திருக்கிறார். பெயர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம், யேல் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர். 1973-ல் அவர் நாலு சின்ன அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நாலிலும் முதல் எண்ணின் சராசரி 9, இரண்டாவதன் சராசரி 7.5, ஆர் மதிப்பு 0.816, புள்ளிகளின் நடுவே பொருத்திப் பார்க்கிற நேர்கோடும் ஒன்றே. உங்கள் எக்சலைக் கேட்டால் நாலும் ஒன்றுதான் என்று சத்தியம் பண்ணும்.

வரைந்து பாருங்கள். முதலாவது சாதாரணமானது, கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் சிதறல். இரண்டாவது அழகாக வளைந்து ஏறி, உச்சி தொட்டு, இறங்க ஆரம்பிக்கிறது. அதில் நேர்கோட்டுக்கு வேலையே இல்லை. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக நிற்கின்றன, ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே துள்ளி நின்று கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. நாலாவதுதான் எனக்குப் பிடித்தது. பத்துப் புள்ளிகள் கிடை அச்சில் 8 என்ற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண் மாதிரி நிற்க, பதினோராவது புள்ளி மட்டும் தூரத்தில் 19-ல் நிற்கிறது. அந்த ஒற்றை ஆள் இல்லையென்றால் அங்கே ஒட்டுறவு என்று பேசவே முடியாது, ஏனென்றால் மற்ற பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். பதினொன்றில் ஒருவர் மொத்த 0.816-ஐயும் சுமக்கிறார். அந்த ஒரு வரியில் தட்டச்சுப் பிழை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், நீங்கள் கணக்காளர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படம் போட எக்சலில் மூன்று கிளிக். எந்த நேரம் வீணாகிறது?

கேள்வி: ஆர் 0.8 என்றால் 80 சதவீதம் தொடர்பு என்று அர்த்தமா? – நெல்லை வாசகர்

இல்லை. சதவீதமாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அதை அதாலேயே பெருக்குங்கள், 0.64. ஒன்றில் காணும் ஏற்ற இறக்கத்தில் 64 சதவீதத்துக்கு மற்றதை வைத்து ஒரு நேர்கோட்டால் கணக்குச் சொல்லிவிடலாம் என்று பொருள். 0.5 என்று கேட்டதும் ‘பாதி’ என்று நினைத்துக்கொள்கிறோம், பெருக்கினால் கால்தான் வருகிறது. இன்னொன்று, கோடு செங்குத்தாக ஏறினால் ஆர் பெரிது என்று பலர் நினைக்கிறார்கள். கோட்டின் சாய்வு வேறு, புள்ளிகள் கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது வேறு. ஆர் இரண்டாவதைத்தான் அளக்கிறது.

கேள்வி: என் கணவருக்கு சுகர். மூன்று மாதமாகத் தினமும் காலை வெறும் வயிற்று சுகரும் அவர் நடந்த நிமிடமும் நோட்டில் எழுதி வருகிறேன். பேரன் அதை எக்சலில் போட்டு, ‘மைனஸ் 0.1தான் வருது பாட்டி, சம்பந்தமே இல்லை’ என்கிறான். இதைக் கேட்டதிலிருந்து இவர் வாக்கிங்கை நிறுத்தப் பார்க்கிறார். நான் என்ன சொல்வது? – மதுரை வாசகி

அம்மா, முதலில் அவரைச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள், மீதியைப் பேரனோடு பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன், கையெழுத்து அழகு. நடை என்ற பத்தியில் 30, 35, 30, 30, 40, 30, 35 என்றே போகிறது. சில நாட்கள் தவிர மூன்று மாதமும் அரைமணி நேரத்தைச் சுற்றியே. படம் போட்டால் கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியும் 30-ஐ ஒட்டித் தூணாக நிற்கும், மேலே சொன்ன நாலாவது அட்டவணை மாதிரி. ஒன்று மாறவே இல்லையென்றால் அது மாறும்போது மற்றது என்ன ஆகிறது என்று எந்த ஃபார்முலாவாலும் சொல்ல முடியாது. ஆறடிக்கு மேல் உள்ளவர்களை மட்டும் சேர்த்த கூடைப்பந்து அணியில் உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு தேடினால் ஒன்றும் கிடைக்காது, அதற்காகக் கூடைப்பந்துக்கு உயரம் தேவையில்லை என்று சொல்வோமா? உங்கள் படம் காட்டுவது ‘நடையால் பயனில்லை’ என்பதை அல்ல, ‘இவர் ஒழுங்காக ஒரே அளவு நடக்கிறார்’ என்பதை.

இரண்டாவது விஷயத்தைப் பேரனிடம் தனியே காட்டுங்கள். சுகர் பார்ப்பது காலை 6 மணிக்கு, நடக்கக் கிளம்புவது 6.30-க்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன, அவனும் அப்படியே ஜோடி சேர்த்துவிட்டான். இனிமேல் நடக்கப்போகிற நடை ஏற்கெனவே குத்தி எடுத்த ரத்தத்தில் எப்படித் தெரியும்? நடைப் பத்தியை ஒரு வரி கீழே இறக்கி, நேற்றைய நடையை இன்றைய சுகரோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். தொடர்பு உடனே குதித்து வந்துவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன், முந்தின ராத்திரி சாப்பிட்டது, தூக்கம், மாத்திரை என்று எத்தனையோ இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சம் கேள்வி சரியாக இருக்கும்.

இன்னும் ஒன்று. நவம்பரில் ஐந்து நாள் நடை 0 என்று இருக்கிறது, அந்த நாட்களில் சுகரும் ஏறியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலில் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்காததால் சுகர் ஏறியதா, காய்ச்சலால் சுகரும் ஏறி நடையும் நின்றதா? அந்த ஐந்து புள்ளிக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். மருந்து அளவை எல்லாம் இந்தப் படத்தை வைத்து மாற்ற வேண்டாம், நோட்டை அப்படியே டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: அதிகம் சாக்லேட் தின்கிற நாடுகள்தான் அதிகம் நோபல் பரிசு வாங்குகின்றன என்று எங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு படம் சுற்றுகிறது. பொய்தானே? – பெங்களூர் வாசகர்

படம் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. 2012-ல் ஃபிரான்ஸ் மெஸ்ஸெர்லி என்ற மருத்துவர் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் போட்டது. 23 நாடுகள், ஆர் 0.791, உச்சியில் சுவிட்சர்லாந்து. பாதி கிண்டலாகவே எழுதினார். தானும் தினமும் சாக்லேட் சாப்பிடுகிறவன் என்று கட்டுரையின் கீழே ஒப்புதல் வேறு கொடுத்திருந்தார்.

திருச்சி மாணவிக்குச் சொன்னதை இங்கே கேளுங்கள்: ஒரு புள்ளி எது? ஒரு நாடு. சாக்லேட் தின்றவரே பரிசு வாங்கினாரா என்பது இந்தப் படத்தில் எங்குமே இல்லை, ஒரு நாட்டில் பரிசு வாங்கியவர் சிலர், சாக்லேட் தின்றவர் கோடிப் பேர். பணக்கார நாட்டில் சாக்லேட்டும் விற்கும், ஆய்வுக்கூடமும் இருக்கும், இரண்டையும் பின்னாலிருந்து தள்ளுவது பணம். ஸ்வீடன் மட்டும் கோட்டைவிட்டு எங்கோ மேலே நிற்கிறது. அது தின்கிற சாக்லேட்டுக்கு ஒரு கோடி மக்களுக்கு சுமார் 14 பரிசுதான் வந்திருக்க வேண்டும், வாங்கியதோ 32. பரிசுக் கமிட்டி உட்கார்ந்திருப்பதே ஸ்டாக்ஹோமில்தானே என்று மெஸ்ஸெர்லியே சந்தேகப்பட்டுச் சிரித்திருக்கிறார்.

ஆனால் இதை வைத்து எல்லா ஒட்டுறவையும் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம், அதுவும் ஆபத்து. 1950-ல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் புகைப்பதையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டியபோது, ‘ஒட்டுறவு காரணம் ஆகாது’ என்ற இதே வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்த்தவர்களில் ஒருவர் ரொனால்ட் ஃபிஷர். நவீனப் புள்ளியியலைக் கட்டியவர்களில் ஒருவர், அதோடு பைப் புகைப்பவர், சிகரெட் கம்பெனிகளின் ஆலோசகர். டாலும் ஹில்லும் ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1951-லிருந்து சுமார் 40,000 பிரிட்டிஷ் டாக்டர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதிகம் புகைத்தவருக்கு ஆபத்து அதிகம், விட்டவருக்குக் குறைகிறது என்று வரிசையாகக் காட்டினார்கள். சாக்லேட்டுக்கு அப்படி யாராவது செய்து காட்டட்டும், நானே முதல் பாக்கெட்டைப் பிரிக்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் நல்ல உயரம். பிள்ளைகள் இருவரும் எங்கள் அளவுக்கு வளரவில்லை. இப்படியே போனால் பேரன்கள் இன்னும் குட்டையாகிவிடுவார்களா? – சேலம் வாசகர்

மாட்டார்கள். இந்தக் கவலையை வைத்துத்தான் ஒட்டுறவு என்ற கணக்கே பிறந்தது. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்டன் 205 பெற்றோர் ஜோடிகள், வளர்ந்த 928 பிள்ளைகள் என்று உயரங்களைச் சேகரித்து 1886-ல் வெளியிட்டார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களோடு ஒப்பிடும்படி ஆக்கிக்கொண்டு, அப்பா அம்மா இருவரின் சராசரியை ஒரு பக்கமும் பிள்ளையின் உயரத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தார். கூட்டம் மாங்காய் வடிவத்தில் சாய்ந்து நின்றது. பெற்றோர் பொதுச் சராசரியைவிட 3 அங்குலம் உயரம் என்றால், பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலம்தான் உயரம். அதாவது மூன்றில் இரண்டு பங்கு.

பரம்பரை தேய்கிறது என்று இதைப் படிக்கத் தோன்றும். படத்தைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மிக உயரமான பிள்ளைகளை எடுத்து அவர்களின் பெற்றோரைப் பார்த்தால், பெற்றோரும் பிள்ளைகள் அளவுக்கு உயரம் இல்லை! தேய்மானம் என்றால் ஒரு பக்கம்தானே நடக்க வேண்டும்? உச்சத்தில் இருக்கும் யாருக்கும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கைகொடுத்திருக்கிறது, அந்த அதிர்ஷ்டம் அடுத்தவருக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான் விஷயம். உங்கள் ஊரிலேயே குட்டையான பெற்றோருக்கு அவர்களைவிட உயரமான பிள்ளைகள் இருப்பார்கள், கூட்டத்தின் மொத்த அகலம் குறைவதில்லை. கால்டன் 1888-ல் ‘ஒட்டுறவு’ என்று பெயர் வைத்தார், உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிற சூத்திரத்தை 1896-ல் கார்ல் பியர்சன் ஒழுங்குபடுத்தினார். இந்தக் கால்டன்தான் மனிதர்களையும் மாடுகள்போலத் தேர்ந்தெடுத்துப் பெருக்க வேண்டும் என்ற கேடுகெட்ட யோசனைக்கும் பெயர் வைத்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரு சிறிய பட்டறையில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறேன், ரப்பர் சீல் தயாரிக்கிறோம். மோல்டு வெப்பநிலைக்கும் ரிஜெக்ட் ஆவதற்கும் தொடர்பு இருக்கும் என்பது என் எண்ணம். ரிஜெக்ட் ஆன 9 லாட்டையும் (லாட் என்றால் ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) படமாகப் போட்டுக் காட்டினேன், ஒரு போக்கும் தெரியவில்லை. ‘பார்த்தாயா, டெம்பரேச்சருக்குச் சம்பந்தமில்லை’ என்று மேலாளர் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. – ஓசூர் வாசகர்

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. நீங்கள் ரப்பர் சீல் என்று எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், காரணத்தைக் கேளுங்கள்.

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது வினாடியில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். காரணம், கலத்தை மேலே தள்ளுகிற பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயு கசிய வழி விட்டது. முந்தின இரவு பூஸ்டரைத் தயாரித்த கம்பெனியின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் ‘இந்தக் குளிரில் வேண்டாம்’ என்று மன்றாடியிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்தது பழைய பயணங்களில் வளையம் சேதமான கதைகள். மிகக் குளிரான பயணத்தில், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 12 செல்சியஸ்), மோசமான சேதம். ஆனால் 75 டிகிரியிலும் (24 செல்சியஸ்) சேதம் ஆகியிருந்தது. குளிரிலும் ஆகிறது, வெயிலிலும் ஆகிறது, அப்படியானால் குளிரைக் குற்றம் சொல்ல ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

விசாரணைக் குழு பின்னால் இரண்டு படங்களை அச்சிட்டது. கிடை அச்சில் வெப்பநிலை, நெட்டச்சில் சேதங்களின் எண்ணிக்கை. முதல் படத்தில் சேதமான ஏழு பயணங்கள் மட்டும். இடக்கோடியில் சில, வலக்கோடியில் சில, உங்கள் 9 லாட் மாதிரியே ஒரு போக்கும் இல்லை. இரண்டாவது படத்தில் சேதமே ஆகாத பயணங்களையும் சேர்த்து, பூஜ்யக் கோட்டின் மேல் வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அந்தப் பூஜ்யப் புள்ளிகள் அத்தனையும் 66 டிகிரியும் அதற்கு மேலும் வலப்பக்கமாகவே போய் உட்கார்ந்துகொண்டன, இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. 66-லும் அதற்கு மேலும் கிளம்பிய 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். அதற்குக் கீழே கிளம்பியவை நாலு, நாலிலும் சேதம். சாலஞ்சர் கிளம்பியபோது காற்றின் வெப்பநிலை 36 டிகிரி, அதாவது சுமார் 2 செல்சியஸ். அந்தப் படத்தில் 53-க்குக் கீழே ஒரு புள்ளிகூடக் கிடையாது, யாரும் போய்ப் பார்த்திராத இடம்.

‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதை யாரும் தகவலாக நினைப்பதில்லை, அதனால் அது படத்துக்குள் வராமலே போகிறது. உங்கள் பட்டறையிலும் ரிஜெக்ட் ஆனதற்குத்தான் தனி ஃபைல் இருக்கும், பாஸ் ஆனது ரிஜிஸ்டரில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். அதை எடுங்கள். அதே மாதத்தில் பாஸ் ஆன எல்லா லாட்டின் மோல்டு வெப்பநிலையையும் சேர்த்து, கிடை அச்சில் வெப்பநிலை, நெட்டச்சில் நூற்றுக்கு எத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று போடுங்கள், பாஸ் ஆனவை பூஜ்யத்திலோ அதை ஒட்டியோ வரும். அவை வெப்பநிலை முழுக்கப் பரவிக் கிடந்தால் மேலாளர் சொன்னதே சரி, ஒப்புக்கொண்டு வேறு காரணம் தேடுங்கள். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் படத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். முடிந்தால் ராத்திரி ஷிப்ட் லாட்களுக்கு வேறு நிறத்தில்.